வாசல் மண்: கேட்டு வாங்கிய பூச்செடிகள்

திருச்சியிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். புதிதாகக் குடிபோன வாடகை வீடு. காம்பவுண்டுச் சுவரை ஒட்டி 12 அடி நீளம், 3 அடி அகலத்துக்கு மண் தரை இருக்கிறதாம். "பூச்செடி வெச்சுக்கோங்க, மரம் மட்டும் வேணாம்" என்று வீட்டுக்காரரும் சொல்லிவிட்டார். ஏப்ரலில் நர்சரிக்குப் போய் 800 ரூபாய்க்கு ஆறு செடிகள் வாங்கி வந்து வைத்திருக்கிறார். ஜூன் பிறக்கும்போது மிச்சம் ஒன்று. அதுவும் வெறும் குச்சியாக.

எதிர்வீட்டில் ஒரு வயதான அம்மா. அவர் வாசல் நிறையப் பூ. அவர்தான் ஒருநாள் கேட்டைத் திறந்துகொண்டு வந்து கேட்டாராம். "ஏம்மா, காசு குடுத்து வாங்கி வாங்கி வெச்சுக் காய விடுறே? எங்கிட்ட கேட்டா தர மாட்டேனா?"

வாசகி எழுதுகிறார்: "கேட்க ஆசைதான். ஆனால் அவர் ஆசையாக வளர்த்ததை வாங்கி வந்து, அதையும் காய விட்டால் தினமும் அவர் முகத்தில் எப்படி விழிப்பது? எந்தச் செடியை எப்படிக் கேட்பது என்றும் தெரியவில்லை. என் கணவரோ, 'பதினோரு மாச அக்ரிமென்ட் வீட்டுக்கு எதுக்கு இந்தப் பாடு' என்கிறார். என்ன செய்யட்டும்?"

போய்க் கேளுங்கள். இந்த வாரமே கேளுங்கள். ஆடி பிறந்துவிட்டது. இப்போது வாங்கி வைக்கும் குச்சி ஆவணிக் கடைசிக்குள் வேர் பிடிக்கும். புரட்டாசியில் தரைக்கு மாற்றினால், ஐப்பசி மழை வரும்போது செடி தயாராக நிற்கும். உங்கள் ஆறு செடிகளும் போனதற்குப் பெரிய காரணம் ஏப்ரல் மாதம்தான். கை ராசி இல்லை என்று யாராவது சொன்னால் காதில் போட்டுக்கொள்ளாதீர்கள்.

நர்சரிக்காரர்களைக் குறை சொல்லவில்லை. ஆனால் அங்கே செடி வளர்ந்த விதத்தை யோசித்துப் பாருங்கள். பச்சை வலைக்கு அடியில், தென்னைநார்க் கழிவு கலந்த பையில், நேரத்துக்கு நேரம் தண்ணீர் குடித்து வளர்ந்தது. ரோஜாவாக இருந்தால் ஓசூர், பெங்களூரு பக்கத்திலிருந்து வந்ததாகவும் இருக்கலாம். ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரத்தில் இருக்கும் ஊர். அங்கே பிறந்த செடியைக் கொண்டுவந்து, சித்திரை வெயிலில், அனல் அடிக்கும் சிமென்ட் சுவருக்குப் பக்கத்தில் நிறுத்தினால் அது பாவம், என்ன செய்யும்?

எதிர்வீட்டுச் செடி அப்படி இல்லை. உங்கள் தெருவின் அதே போர் தண்ணீர், அதே உப்பு, அதே வெயில். எல்லாவற்றையும் பார்த்துவிட்டு நிற்கிறது. கத்திரி வெயிலில் அந்த வாசலில் எது எது பச்சையாக இருந்தது என்று நினைவிருக்கிறதா? இல்லையென்றால் அந்த அம்மாவிடமே கேளுங்கள். உங்கள் பட்டியலில் முதலில் வர வேண்டியவை அவைதான்.

சில பூக்களை வேறு வழியில் வாங்கவும் முடியாது. குண்டுமல்லியின் விதையைப் பார்த்திருக்கிறீர்களா? பெரும்பாலும் யாரும் பார்த்திருக்க மாட்டோம். நம் ஊரில் அது விதை பிடிப்பதே அரிது. ஒரு செடியின் கிளையை வெட்டியோ, மண்ணில் பதித்தோதான் அடுத்த செடி. அதாவது, இன்று எந்த வாசலில் மல்லி இருந்தாலும் அது யாரோ ஒருவர் இன்னொருவருக்குக் கொடுத்த கிளை. தோட்டக்காரர்களுக்கும் இதே கதைதான். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு கிடைத்தது நமக்குத் தெரியும். அந்த மல்லித் தோட்டங்களுக்கு நாற்று எங்கிருந்து போகிறது தெரியுமா? ராமேஸ்வரம் தீவில் இருக்கும் தங்கச்சிமடம் பக்கத்திலிருந்து. அந்த மணல் நிலத்தில் குச்சிகளை நட்டு, வேர்விட வைத்து விற்பதையே தொழிலாகச் செய்கிறார்கள். டெல்லி கனகாம்பரமும் விதை வைக்காத ரகம், குச்சிதான் வழி. சாதாரண ஆரஞ்சு கனகாம்பரத்துக்கு விதை உண்டு. காய்ந்த விதைக்காயில் தண்ணீர் பட்டால் பட்டென்று வெடித்துத் தெறிக்கும். வீட்டில் பிள்ளைகள் இருந்தால் ஒரு சாயங்காலம் முழுக்க அதிலேயே போய்விடும்.

எதைக் கேட்பது?

ஒருமுறை வைத்தால் பல வருஷம் நிற்கும் செடிகளாகக் கேளுங்கள். சாமந்தியும் செண்டுமல்லியும் சீசனோடு போய்விடும். அவற்றைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

முதல் வரிசையில் செம்பருத்தி, நந்தியாவட்டை, டிசம்பர் பூ. மூன்றும் குச்சியிலேயே வரும். மூன்றும் புதியவர்களை மன்னிக்கும் செடிகள். செம்பருத்தியில் அந்தப் பழைய ஐந்து இதழ் சிவப்பு கிடைத்தால் அதையே வாங்குங்கள். கலர் கலராக வரும் பெரிய பூ ரகங்களைவிட அதுதான் உரம் போடாமலும் வண்டி ஓட்டும். நந்தியாவட்டை சுவர் நிழலிலும் பூக்கும். கார்த்திகை, மார்கழியில் மற்ற பூக்கள் ஓய்ந்திருக்கும்போது டிசம்பர் பூ ஊதாவும் வெள்ளையுமாகக் கொட்டும். வாசனை கிடையாது. ஆனால் கனகாம்பரத்தோடு சேர்த்துக் கட்டினால் அந்த நிறத்துக்கே தலையில் வைக்கலாம்.

ரோஜா வேண்டும் என்று மனசு கேட்டால் பன்னீர் ரோஜாக் குச்சி கேளுங்கள். அது ஒட்டுக் கட்டாமல் சொந்த வேரிலேயே வளரும். அடியிலிருந்து எந்தத் துளிர் வந்தாலும் அதே ரோஜாதான். ஒட்டு ரோஜாவில் அப்படி இல்லை. ஒட்டுக்குக் கீழே இருந்து கிளம்பும் காட்டுத் துளிரை அடையாளம் கண்டு கிள்ளிப்போடத் தெரிய வேண்டும். தவறவிட்டால் கொஞ்ச நாளில் காட்டுச் செடி மட்டும் செழிப்பாக நிற்கும்.

கிழங்காக வாங்க வேண்டியவை சம்பங்கி, மழை லில்லி, கல்வாழை. கிழங்கு வகையில் ஒரு சௌகரியம் உண்டு. இரண்டு மூன்று வருஷத்தில் நெருங்கிப்போய், பிரித்து நட்டால்தான் அவை நன்றாகப் பூக்கும். அதனால் கொடுப்பவருக்கும் அது உதவிதான். கூச்சமில்லாமல், "அந்தச் சம்பங்கி ரொம்ப அடர்ந்துபோச்சே, பிரிக்கிறப்போ சொல்லுங்கம்மா, நானும் வந்து தோண்டுறேன்" என்று ஆரம்பிக்கலாம். சும்மா கேட்டு நிற்பதைவிட மண்வெட்டியோடு போய் நிற்பவருக்கு எப்போதும் கூடுதலாகவே கிடைக்கும்.

மல்லி, முல்லை, இட்லிப்பூ மூன்றுக்கும் பதியன் சிறந்தது. அதைப் பின்னால் சொல்கிறேன். பத்துமணிப் பூவுக்கு முறை எதுவும் தேவையில்லை. இரண்டு அங்குலத் தண்டைக் கிள்ளி வெயில் படும் மண்ணில் குத்தினால் போதும். அந்த வேலையைப் பிள்ளைகளிடம் விட்டுவிடுங்கள்.

பவழமல்லி கொடுத்தால் மட்டும் கையெடுத்துக் கும்பிட்டு, "சொந்த வீடு கட்டுறப்போ வாங்கிக்கிறேன்" என்று சொல்லிவிடுங்கள். அது மரம். 3 அடி மண்ணுக்கும் காம்பவுண்டுச் சுவருக்கும் ஆகாது. வீட்டுக்காரருக்கும் சொன்ன சொல் இருக்கிறது.

எப்படிக் கேட்பது?

காலையில் போங்கள். விளக்கு வைத்த பிறகு பூவோ கிளையோ பறிக்கக் கூடாது என்று நம் வீடுகளில் சொல்வார்கள். செவ்வாய், வெள்ளியில் வீட்டிலிருந்து எதையும் கொடுக்க மாட்டார்கள் சிலர். அவர்கள் வழக்கத்தை மதித்து நாளைக் கேட்டுக்கொண்டு போங்கள். செடிக்கும் காலைதான் நல்லது. இரவெல்லாம் தண்ணீர் ஏறிக் கிளை திடமாக இருக்கும். மத்தியானம் வெட்டிய குச்சி வீடு வருவதற்குள் துவண்டுவிடும்.

மணி பிளான்டைத் திருடி வைத்தால்தான் வளரும் என்று ஒரு பேச்சு உண்டே, அதைச் செம்பருத்திக்கும் நீட்டிக்கொண்டு விடிகாலையில் வேலி ஓரமாகக் கிளை உடைப்பவர்களை நான் பார்த்திருக்கிறேன். கிளை வரும், சரி. அந்தச் செடியைப் பற்றிய விஷயம் எதுவும் கூட வராது. பாதிக் கிளையைப் பிய்த்து இழுத்ததில் தாய்ச்செடியின் பட்டையும் உரிந்து தொங்கும்.

கேட்டு வாங்குவதில் கிடைப்பது அந்த விஷயங்கள்தான். "இதுக்கு எத்தனை நாளுக்கு ஒருதடவை தண்ணி விடுவீங்க? எந்த மாசம் வெட்டி விடுவீங்க? எந்தப் பூச்சி வரும்? எது பண்ணினா இதுக்குப் பிடிக்காது?" இந்தக் கேள்விகளைக் கேளுங்கள். கடைசிக் கேள்வி முக்கியம். "அரிசி கழுவின தண்ணி ஊத்துவேன்" என்பதை எல்லோரும் சொல்வார்கள். "இது வேர்ல தண்ணி நின்னா ஒரே வாரத்துல போயிடும்மா, ரெண்டு தடவை போயிருக்கு" என்பதைக் கேட்டால்தான் சொல்வார்கள். போனிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

காய்ந்துபோனால் முகத்தில் எப்படி விழிப்பது என்று கேட்டிருந்தீர்களே? அதற்கும் வழி இருக்கிறது. ஒரு குச்சியாக வாங்காதீர்கள், நாலு வாங்குங்கள். கைதேர்ந்தவர்கள் வைத்தாலும் எல்லாக் குச்சியும் பிழைப்பதில்லை. நாலில் இரண்டு வந்தால் நல்ல கணக்கு. இருபது வருஷமாகச் செடி வளர்ப்பவருக்கு இது உங்களைவிட நன்றாகத் தெரியும். அவரிடம் காயாத குச்சியா? "ரெண்டு வந்துச்சு, ரெண்டு போச்சும்மா" என்று போய்ச் சொல்லுங்கள். உடனே அடுத்த யோசனை வரும்.

குச்சி நடுவது

பென்சில் கனமுள்ள கிளையாகப் பாருங்கள். நுனிப் பச்சையும் வேண்டாம், அடியில் முற்றிப்போன மரக்கட்டையும் வேண்டாம், இரண்டுக்கும் நடுப்பகுதி. ஒரு சாண் நீளம், நாலைந்து கணு இருக்க வேண்டும். அடிப்பக்கத்தைக் கணுவுக்குச் சற்றுக் கீழே சாய்வாகவும், மேல்பக்கத்தை நேராகவும் வெட்டுங்கள். எந்தப் பக்கம் தலை, எந்தப் பக்கம் கால் என்று வீட்டுக்கு வந்து குழம்ப வேண்டாம் பாருங்கள்! பூவையும் மொட்டையும் கிள்ளிவிடுங்கள். மேலே இரண்டு சின்ன இலையை விட்டு மற்றதை எடுத்துவிடுங்கள். வேர் இல்லாத குச்சிக்கு இலை ஒரு சுமை. இருக்கிற ஈரத்தையெல்லாம் அதன் வழியாகத்தான் இழக்கும். நந்தியாவட்டையில் பால் வடியும். அது நின்று காயும்வரை நிழலில் வைத்துவிட்டு நடுங்கள்.

நேராகத் தரையில் நடவேண்டாம். ஆடிக் காற்று குச்சியை ஆட்டி ஆட்டி வேர் விட விடாது, ஈரத்தையும் உறிஞ்சிவிடும். அடியில் ஓட்டை போட்ட பழைய பெயின்ட் டப்பாவோ, பால் கவரோ போதும். பாதி ஆற்றுமணல், பாதி செம்மண். உரம் இப்போது தேவையில்லை, சாணம் சேர்த்தால் அழுகத்தான் செய்யும். இரண்டு கணு மண்ணுக்குள் போகும்படி நட்டு, சுற்றிலும் விரலால் இறுக்கிவிடுங்கள். தண்ணீர் பாட்டிலின் அடியை வெட்டிவிட்டு மேலே கவிழ்த்தால் உள்ளே ஈரம் நிற்கும். மூடியைத் திறந்து வையுங்கள். வெளிச்சம் வேண்டும், நேர் வெயில் வேண்டாம்.

கற்றாழைச் சாறு தடவு, தேன் தடவு, மஞ்சள் தடவு என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். தடவுவதில் நஷ்டமில்லை. தடவாவிட்டாலும் செம்பருத்தி வேர் விடும்.

பத்து, பதினைந்து நாளில் தளிர் வரும். இங்கேதான் பலருக்குக் கை அரிக்கும். தளிர் வந்துவிட்டதே, வேர் வந்திருக்குமா என்று மெல்ல இழுத்துப் பார்ப்பார்கள். தயவுசெய்து வேண்டாம். முதல் தளிர், குச்சிக்குள் சேர்த்து வைத்த சாப்பாட்டில் வருவது. அப்போது கீழே வேர் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை. அப்போதுதான் கிளம்பும் நூல் மாதிரி வேரை நாமே அறுத்துவிடுவோம். ஆறு வாரம் அப்படியே விடுங்கள். தளிர் வாடாமல் புது இலை அடுத்தடுத்து விரிந்தால் வேர் பிடித்துவிட்டது.

பதியன் இதைவிட நிம்மதியான வழி. ஏனென்றால் கிளை தாய்ச்செடியோடு ஒட்டியே இருக்கும், பால் குடிக்கிற பிள்ளை மாதிரி. எதிர்வீட்டு மல்லியில் தாழ்வாக நீண்டிருக்கும் கிளையைப் பாருங்கள். தரையில் படும் இடத்தில், ஒரு கணுவுக்குக் கீழே பட்டையைக் கொஞ்சம் சீவிவிட்டு, அந்த இடத்தை இரண்டு மூன்று அங்குல ஆழத்தில் மண்ணுக்குள் அழுத்தி, மேலே பாதி செங்கல்லை வையுங்கள். நுனி வெளியே தலை நீட்டிக்கொண்டிருக்கட்டும். இரண்டு மூன்று மாதத்தில் வேர் விட்டதும் தாய்ப்பக்கம் வெட்டி எடுத்துக்கொள்ளலாம். அதுவரை அந்தச் செங்கல்லைப் பார்க்க நீங்கள் அடிக்கடி எதிர்வீட்டுக்குப் போவீர்கள். போனால் பேசாமலா வருவீர்கள்?

இதற்குள் மண்

குச்சி வேர்விடும் இந்த ஆறு வாரம் சும்மா இருக்கும் காலம் கிடையாது. அந்த 12 அடி மண்ணைத் தயார் செய்ய வேண்டும். காம்பவுண்டு ஓரம் என்றால் ஒரு அடி தோண்டிப் பாருங்கள். செங்கல் துண்டு, சிமென்ட் கட்டி, டைல்ஸ் சில்லு என்று வீடு கட்டினபோது புதைத்த சரித்திரமெல்லாம் வெளியே வரும். உங்கள் செடிகள் போனதில் இதற்கும் பங்கு இருக்கலாம். எல்லாவற்றையும் பொறுக்கிப் போட்டுவிட்டு, தோண்டிய மண்ணோடு மக்கிய தொழுவுரமும், நாலைந்து கைப்பிடி வேப்பம்பிண்ணாக்கும் கலந்து நிரப்புங்கள். தரையைவிட அரை அடி உயரமாகப் பாத்தி அமையட்டும். ஐப்பசியில் இரண்டு நாள் விடாமல் பெய்தால் தண்ணீர் வடிந்துவிடும்.

சுவரிலிருந்து ஒன்றரை அடி தள்ளி உயரமான செடிகள், செம்பருத்தியும் நந்தியாவட்டையும். இரண்டுக்கும் நடுவில் 3 அடி இடைவெளி. இப்போது வெறிச்சென்று இருக்கும். இரண்டாம் வருஷம் கைகோத்துக்கொள்ளும். அவற்றுக்கு முன்னால் டிசம்பர் பூவும் கனகாம்பரமும். விளிம்பில் மழை லில்லி. மழை பெய்த சில நாளில் திடீரென்று வரிசையாக எழுந்து பூக்கும். சம்பங்கி நல்ல வெயில் விழும் முனையில். கல்வாழையைத் துணி துவைக்கும் தண்ணீர் வந்து விழும் இடத்தில் வைத்துவிட்டால் தனியாகத் தண்ணீர் ஊற்றும் வேலை இல்லை. மல்லியை கேட் பக்கத்தில் வையுங்கள். வெளியே போய்விட்டு ராத்திரி வீட்டுக்கு வரும்போது முதலில் அதுதான் வரவேற்க வேண்டும்.

வேண்டாம் என்று சொல்ல வேண்டியவை

கொடுக்கிற மனசு பெரிது என்பதற்காக எல்லாவற்றையும் வாங்கிக்கொள்ளக் கூடாது.

செம்பருத்தியின் கணுக்களிலும் இலைக்கு அடியிலும் பஞ்சு ஒட்டியதுபோல் வெள்ளையாக இருந்தால் அது மாவுப்பூச்சி. சுற்றி எறும்பும் ஓடும். அந்தக் கிளையை விட்டு வேறு கிளை கேளுங்கள். முழுச் செடியும் அப்படி என்றால் இந்த முறை வேண்டாம். ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்பெண்ணெயும் ஒரு சொட்டு சோப்புக் கரைசலும் கலந்து, வாரம் ஒருமுறை தெளிக்கும்படி அந்த அம்மாவுக்குச் சொல்லுங்கள். நீங்களே போய்த் தெளித்துக் கொடுத்தால் இன்னும் நல்லது. புதிதாக வரும் எந்தச் செடியையும் இரண்டு வாரம் மற்றவற்றிலிருந்து தள்ளி வையுங்கள்.

வேரோடு கொடுக்கும் செடியென்றால் வேரைப் பாருங்கள். கனகாம்பரத்தின் வேரில் மணி கோத்ததுபோல் முடிச்சு முடிச்சாக இருந்தால் நூற்புழு. அந்த மண் உங்கள் பாத்திக்குள் வந்தால் கிளப்புவது பெரும்பாடு. கிழங்குகளை மண்ணை உதறி, கழுவி, நிழலில் உலர்த்திய பிறகே நடுங்கள்.

தரையெல்லாம் மஞ்சள் பூவாகப் படரும் வெடேலியாவை யாரும் சந்தோஷமாகக் கொடுப்பார்கள். ஏன் அவ்வளவு சந்தோஷம் என்று யோசியுங்கள்! தண்டு தொட்ட இடமெல்லாம் வேர் விட்டு, அந்த 12 அடியை ஒரே மழைக்காலத்தில் பிடித்துக்கொள்ளும். கொத்துக் கொத்தாகக் கலர் கலராகப் பூக்கும் உன்னிச்செடியும் வேண்டாம். அழகுச் செடி என்று 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கொண்டுவந்ததுதான். இன்று முதுமலைக் காடு வரை புகுந்து, மான்கள் மேய்வதற்குப் புல் முளைக்க விடாமல் செய்கிறது. ஏரிகளை மூடி நிற்கும் ஆகாயத்தாமரையும் அழகுக்காக வந்ததே. செடி கொடுப்பது நல்ல பழக்கம்தான், எந்தச் செடி என்பதில் கொஞ்சம் கறாராக இருக்க வேண்டும்.

அரளியைப் பற்றியும் ஒரு வார்த்தை. கோயிலுக்குப் பூ, வறட்சியைத் தாங்கும், குச்சியில் சுலபமாக வரும், எல்லாம் உண்மை. ஆனால் இலை முதல் வேர் வரை விஷம். எதையும் வாயில் வைக்கும் வயதில் வீட்டில் பிள்ளை இருந்தால் கொஞ்ச வருஷம் பொறுத்துக்கொள்ளலாம்.

வாடகை வீடுதானே?

இந்தக் கேள்விக்கு நான் ஒரு மல்லிச்செடியைத்தான் காட்ட வேண்டும். எங்கள் தெரு முனையில் ஒரு ஓட்டு வீடு இருந்தது. அங்கே இருந்த பெரியம்மா, கல்யாணமாகி வரும்போது பிறந்த வீட்டிலிருந்து அடுக்கு மல்லிக் கன்று ஒன்று கொண்டுவந்து முற்றத்தில் வைத்திருந்தார். தெருவில் யார் கேட்டாலும் பதியன் போட்டுக் கொடுப்பார். பெரியப்பா போன பிறகு பிள்ளைகள் வீட்டை விற்றார்கள். ஜேசிபி வந்து ஒரே பகலில் சுவரும் முற்றமும் மண்மேடாகிவிட்டன. மகனுடைய மூன்றாவது மாடி ஃபிளாட்டுக்கு அவர் போனபோது துணிமணிப் பெட்டி, சாமி படங்கள், இரண்டு பித்தளைக் குடம். செடியைப் பற்றி அந்த நேரத்தில் யார் யோசித்தார்கள்?

ஏழெட்டு மாதம் கழித்து, அவரிடம் பதியன் வாங்கியிருந்த பக்கத்து வீட்டுப் பெண், அதே ஊருக்குப் பரீட்சை எழுதப் போனாள். போகும்போது பெயின்ட் வாளியில் ஒரு மல்லிக் கன்றை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போயிருக்கிறாள். பெரியம்மா இலையைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "இது என் செடிடீ" என்றாராம். அது உபசாரத்துக்குச் சொன்ன பேச்சில்லை. விதையில் வந்திருந்தால் பிள்ளை, பேத்தி என்று சொல்லலாம். பதியனில் வந்தது அதே செடிதான், பிறந்த வீட்டு முற்றத்தில் நின்ற அதே மல்லி. பால்கனியில் வெயில் நாலு மணி நேரம்தான் விழுகிறது, பூ கொஞ்சமாகத்தான் வருகிறதாம். சாமி படத்துக்கு ஒரு முழம் தேறிவிடுகிறது என்று அந்தப் பெண்ணின் அம்மா சொன்னார். அந்த முற்றம் இருந்த இடத்தில் இப்போது கார் நிற்கிறது.

அவர் யாருக்கும் கொடுக்காமல் பொத்தி வைத்திருந்தால் அந்த மல்லி அன்றைக்கு ஜேசிபியோடு முடிந்திருக்கும்.

அதனால் உங்கள் கணவரிடம் சொல்லுங்கள், குச்சியிலும் கிழங்கிலும் வரும் தோட்டத்தை அக்ரிமென்ட் எதுவும் செய்ய முடியாது. காலி செய்வதற்கு இரண்டு மாதம் முன்னால் தெரிந்துவிடும் அல்லவா? அப்போது ஒவ்வொன்றிலும் நாலு குச்சி டப்பாவில் நட்டு, மல்லியில் இரண்டு பதியன் போட்டு, சம்பங்கியில் பத்துக் கிழங்கு தோண்டி எடுத்துக்கொண்டால் போதும். மொத்தமும் ஒரு ஆட்டோவில் போகும். தாய்ச்செடிகள் அங்கேயே நிற்கட்டும், அடுத்து வருபவர்களுக்கு. எதிர்வீட்டு அம்மாவுக்கும் அவருடைய செடிகள் எதிரிலேயே நிற்கும். அவர் வாசலில் எதற்காவது ஏதாவது ஆனால், நாலு எட்டு வைத்துத் திரும்ப வாங்கிக்கொள்வார்.

முதல் வருஷம் மல்லியைப் பெரிதாக வெட்ட வேண்டாம். நுனியைக் கிள்ளிக் கிள்ளி விட்டாலே புதராகும். அடுத்த வருஷம் நவம்பர் கடைசி வாரத்தில் தண்ணீரைக் குறைத்து, தரையிலிருந்து ஒன்றரை அடி உயரம் விட்டு மேலே இருப்பதைக் கவாத்து செய்யுங்கள். முல்லை வைத்திருந்தால் ஜனவரிக் கடைசி, ஜாதிமல்லிக்கு டிசம்பர் கடைசி. வெட்டி விழும் குச்சிகளில் பென்சில் கனம் இருப்பதைப் பொறுக்கி, ஈரச் சாக்கில் சுற்றி வையுங்கள். அதற்குள் மாடி வீட்டுக்கோ பக்கத்து வீட்டுக்கோ புதிதாக யாராவது குடிவந்து, கேட் ஓரத்தில் நின்று உங்கள் பாத்தியைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.